இரத்தம் இரதமான நாள்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலத்துக்காக எங்கள் சபையில் ஒரு பாட்டைப் பதிவு செய்தோம். மைக் வைத்ததிலிருந்து, தனித்தனியாகப் பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸ் முடித்தது வரை முழுக்க என் கையால் செய்த முதல் பாட்டு அது. மூன்று வாரம் அதோடே கிடந்தேன். பாட்டை எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எழுபதைத் தாண்டிவிட்டார். சபையில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. லேப்டாப்பை அவர் வீட்டுக்கே எடுத்துப்போய் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா வந்திருக்குப்பா. ஆனா நான் இரத்தம்னு எழுதியிருந்தேன். இதுல இரதம்னு கேக்குதே?"

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து குரல் டிராக்கை மட்டும் தனியாக ஓடவிட்டேன். பாடின அக்கா 'த்த'வை அழுத்தமாகத்தான் சொல்லியிருந்தார். மற்ற டிராக்குகளைச் சேர்த்து ஓடவிட்டேன். டீச்சரம்மா சொன்னதுதான் சரி. சிலுவையடியில் நின்று பாட வேண்டிய பாட்டில் எந்தச் சொல்லுக்காக மொத்தப் பாட்டும் எழுதப்பட்டதோ, அந்தச் சொல்லையே நான் தொலைத்திருந்தேன். அதைத் திரும்பக் கொண்டுவர எனக்கு ஆறு வாரம் ஆனது. மிக்ஸிங் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த ஆறு வாரத்தில்தான்.

தொழில் எனக்கு மாமா வழியாக வந்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அவருக்கு மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சபைக் கன்வென்ஷன் எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் போகும். பள்ளி விடுமுறையில் எனக்கு ஒயர் சுற்றும் வேலை. முழங்கையில் சுற்றினால் அடி விழும். "உள்ள முறுக்கு விழுந்து கம்பி அறுந்துடும்டா, வட்டமா விடு" என்பார். இன்றுவரை நான் ஒயரை அப்படித்தான் சுற்றுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கடையின் தகரக் கூரை பறந்துவிட்டது. நனைந்த ஆம்ப்ளிஃபயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, கெட்ட பாகத்தை மாற்றினோம். ஒலி எந்த வழியாகப் போகிறது என்பது அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பாதிக் கரகரப்புக்குக் காரணம் மைக்கும் இல்லை, மிக்ஸரும் இல்லை. ஜாக் முனையில் படிந்திருக்கும் உப்புக்காற்றின் துருதான். மாதம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடுங்கள். கண்டன்ஸர் மைக் இருக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

பிறகு புதுச்சேரியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் மூன்று வருடம் உதவியாளாக இருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போகும் அந்தப் பயணத்தில்தான் காதில் ஹெட்ஃபோனோடு நிறையக் கேட்டேன். ஸ்டுடியோ வேலை பெரும்பாலும் விளம்பரக் குரல், குறும்பட டப்பிங், எப்போதாவது ஒரு கிராமியப் பாட்டு. சபைப் பாட்டு வந்தால் அதையும் சினிமாப் பாட்டு மாதிரியே செய்து கொடுப்போம். குரலில் நிறைய ரிவெர்ப் (பெரிய மண்டபத்தில் ஒலி நீள்வது போன்ற வால்), பின்னால் வயலின் கூட்டம் போலக் கீபோர்டு, எல்லாம் சேர்ந்து ஒரே பளபளப்பு. வாங்கிப் போகிறவர்களும் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

சினிமாப் பாட்டைக் கேட்பவர் கேட்கிறார், அவ்வளவுதான். சபைப் பாட்டைக் கேட்பவர் கூடவே பாடுகிறார். அவருக்கு அடுத்த சொல் என்னவென்று தெரிந்தால்தான் வாய் திறக்கும். புத்தகம் வாசிக்கத் தெரியாத பாட்டிகள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். முழுப் பாட்டையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள். சொல் மங்கினால் அவர்களுக்குப் பாட்டே இல்லை. இந்த வித்தியாசம் மண்டையில் ஏற எனக்கு டீச்சரம்மாவின் அந்த ஒரு கேள்வி தேவைப்பட்டது.

காஸ்பல் என்று உலகம் அழைக்கும் இசையை ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்ததும் அப்போதுதான். அமெரிக்காவின் கறுப்பின மக்களுடைய சபைகளில் வளர்ந்த இசை அது. தாமஸ் டார்சி (1899–1993) முதலில் ப்ளூஸ் பியானோ வாசித்தவர். 1930-களில் சிகாகோ சபைகளில் அந்த இசையின் ஓட்டத்தைப் பக்திப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். நியூ ஆர்லியன்ஸில் 1911-இல் பிறந்து சிகாகோவுக்கு வந்த மஹாலியா ஜாக்சனின் பதிவுகளில், பியானோவும் ஆர்கனும் மட்டும் உடன் இருப்பவற்றைத் தேடித் தேடிக் கேட்டேன். 1935-இல் ஹாமண்ட் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகளுக்கு அது பெரிய உதவி. அதன் பி-3 என்ற மாடல் 1954-இல் வந்து, காஸ்பலின் குரலாகவே ஆகிவிட்டது. கூடவே லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே கொம்பு சுழலும். மெதுவாகச் சுழன்றால் ஒலி அலை அலையாக அசையும், வேகமாகச் சுழன்றால் நடுங்கும்.

நான் கவனித்தது அந்த ஆர்கன் எப்போது பேசுகிறது என்பதை. பாடகர் வாய் திறந்திருக்கும்போது அது தாழ்ந்து கிடக்கிறது. ஒரு அடி முடிந்த இடத்தில் வாசிப்பவர் கால் பெடலை அழுத்தி எழும்புகிறார், பாடகருக்குப் பதில் சொல்கிறார், அடுத்த அடி தொடங்கும்போது மறுபடி அடங்குகிறார். இந்த வேலையை எந்த மிக்ஸ் இன்ஜினியரும் செய்யவில்லை. வாசிக்கிறவரே செய்துவிடுகிறார். இன்னொன்று, அங்கே கொயர் என்ற பாடகர் குழு பெரும்பாலும் மூன்று குரல்தான்: சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்). ஆண்களின் அடிக்குரல் தனி வரிசையாக இருக்காது. அடிப்பகுதி முழுவதும் பேஸ் கிட்டாருக்கும் ஆர்கனுக்கும் விடப்பட்டிருக்கும். எங்கள் கொயரில் பெண்கள் பாடுவதையே ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். அது 150-க்கும் 300 ஹெர்ட்ஸுக்கும் இடையே ஒரு மூட்டமாகப் படிந்துவிடும். அது தப்பான பழக்கம் என்று நான் சொல்லவில்லை. சபையே சேர்ந்து பாடுகிற உணர்வு அதில்தான் இருக்கிறது. ஆனால் அதை மிக்ஸில் எங்கே வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம்மிடமும் இந்த இசை நேற்று முளைத்ததல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து ராகத்தில் அமைந்த கீர்த்தனைகள் இருக்கின்றன. ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள் இருக்கின்றன. இப்போது மின்தாளக் கருவியான ஆக்டோபேடும் கீபோர்டுமாக வரும் துதிப்பாடல்கள் இருக்கின்றன. ஒரே ஞாயிறு ஆராதனையில் மூன்றும் வரும். மூன்றுக்கும் ஒரே மிக்ஸைப் போட்டால் மூன்றுமே கெடும். ஞானப்பாட்டில் நாலு குரல் பகுதியும் சமமாக நிற்க வேண்டும். கீர்த்தனையில் குரலின் கமகத்தைக் கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அமுக்கிச் சமமாக்கும் கருவி) நசுக்கிவிடக் கூடாது. துதிப்பாடலில் தாளம் முன்னே வரலாம்.

இப்போது அந்த 'த்த'வுக்கு வருகிறேன்.

தமிழில் ஒற்று இரட்டித்தால் அங்கே நடப்பது என்ன என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'இரத்தம்' என்பதில் 'ர'வுக்குப் பிறகு நாக்கு பல்லில் ஒட்டி அடைத்துக்கொள்கிறது. அந்த நேரம் சத்தமே இல்லை. திரையில் ஒரு நேர்க்கோடு. எங்கள் பதிவில் அளந்தேன், 160 மில்லி விநாடி. பிறகு ஒரு சின்ன வெடிப்பு, அதன்பின் 'அம்'. 'இரதம்' என்று சொன்னால் அந்த மௌனம் கிடையாது. குரல் நிற்காமல் முனகிக்கொண்டே கடந்துபோகும். இரண்டு சொல்லுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அந்தக் குட்டி மௌனம்தான். அதற்குள் நான் எதையாவது ஊற்றி நிரப்பினால் இரத்தம் இரதம் ஆகிவிடும்.

நான் என்னென்ன ஊற்றியிருந்தேன் என்று பார்த்தேன். ரிவெர்ப் மூன்று விநாடிக்கு மேல், பெரிய மண்டப வகை. 'ர'வின் வால் அப்படியே அந்த மௌனத்துக்குள் வழிந்தது. கம்ப்ரஸர் 8:1 என்ற கடுமையான அளவில், ரிலீஸ் (அமுக்குவதை விட்டு மீளும் நேரம்) 40 மில்லி விநாடி, 12 டெசிபல் வரை அமுக்கிக்கொண்டிருந்தது. குரல் நின்ற மாத்திரத்தில் அது கையை எடுத்துவிடும். 160 மில்லி விநாடிக்குள் அறையின் இரைச்சல், மூச்சு, ஹெட்ஃபோனிலிருந்து மைக்குக்குள் கசிந்த கீபோர்டு எல்லாம் 12 டெசிபல் மேலே ஏறி வந்து நிற்கும். போதாததற்குக் கீபோர்டில் நிற்காமல் ஓடும் வயலின் ஒலியான ஸ்ட்ரிங்ஸ் பேட். மூன்றும் சேர்ந்து மௌனத்தை மூடிவிட்டன.

முதலில் நான் பிடித்தது குறுக்கு வழி. குரலில் கேட் போட்டு இறுக்கினேன். குரல் தாழ்ந்தால் கதவு மூடிக்கொள்ளும், மௌனம் மௌனமாகவே இருக்கும். டீச்சரம்மாவிடம் மறுபடி போனேன்.

"இரத்தம் வந்துடுச்சு. ஆனா ரெண்டாவது சரணத்துல பாடுகள்னு எழுதினது பாட்டுகள் ஆயிடுச்சேப்பா."

ஆண்டவருடைய பாடுகள், அதாவது அவர் பட்ட துன்பங்கள். 'டு' என்ற மெல்லிய ஒலியில் குரல் கொஞ்சம் தாழும். அந்த இடத்திலும் கேட் கதவைச் சாத்தியிருக்கிறது. இல்லாத இடத்தில் ஒரு மௌனத்தை நான் நட்டுவிட்டேன், 'டு' 'ட்டு' ஆகிவிட்டது. அன்றைக்கே கேட்டைக் கழற்றினேன். அதற்குப் பிறகு பாடுகிற குரலில் கேட் போட்டதே இல்லை.

பலன் தந்த வழி இது. கம்ப்ரஸருக்குள் போகும் முன்பே, ஒவ்வொரு சொல்லாகக் குரலின் அளவைக் கையால் ஏற்றி இறக்கினேன். ஐந்து நிமிடப் பாட்டுக்கு இரண்டு மாலை ஆனது. குரல் ஏற்கெனவே சமமாகிவிட்டதால் கம்ப்ரஸருக்கு வேலை குறைந்துவிட்டது. 3:1, அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) 20 மில்லி விநாடி, அமுக்குவது 4 டெசிபலுக்கு மேல் போகாமல். ரிலீஸை 250 மில்லி விநாடி வைத்தேன். மௌனத்தின் நீளத்தைவிட ரிலீஸ் நீளமாக இருந்தால், மௌனம் முடிகிறவரை கம்ப்ரஸர் கையை முழுதாக எடுக்காது. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பாடகரின் 'த்த'வை அளந்து அதற்கு ஏற்றபடி வையுங்கள். வேகப் பாட்டில் அது பாதியாகக்கூடச் சுருங்கும்.

ரிவெர்ப்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. ப்ரீ-டிலேயைக் (ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளியை) கூட்டினால் சொல் தெளியும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. அது சொல்லின் தொடக்கத்தைக் காப்பாற்றும். சொல்லுக்கு நடுவில் இருக்கும் மௌனத்தைக் காப்பாற்றாது, ஏனென்றால் முந்தின உயிரொலியின் வால் எப்படியும் அதற்குள் வந்து விழும். செய்ய வேண்டியது வாலைக் குட்டையாக்குவது. ப்ளேட் (உலோகத் தகட்டின் அதிர்வு போன்ற) வகைக்கு மாறி 1.3 விநாடி ஆக்கினேன். ரிவெர்ப் திரும்பி வரும் சேனலில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினேன். முனகல் ஒலி அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது. அந்த முனகல் மௌனத்துக்குள் புகுந்தால்தான் காது 'த்த'வை 'த' என்று எடுத்துக்கொள்கிறது. மேலே 6 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பாலும் மழுக்கினேன், இல்லாவிட்டால் 'பரிசுத்த', 'சிலுவை', 'இயேசு' என்று வரும் இடமெல்லாம் 'ஸ்ஸ்' என்று மண்டபம் முழுக்கத் தெறிக்கும்.

பிறகு, குரல் ஒலிக்கும்போது ரிவெர்ப் தானாகத் தாழும்படி ஒரு டக்கர் வைத்தேன். இதில் ஒரு பொறி இருக்கிறது. டக்கரின் ரிலீஸ் வேகமாக இருந்தால், 'த்த'வின் மௌனத்தில் குரல் இல்லை என்று நினைத்து அது ரிவெர்ப்பை மேலே தூக்கிவிடும். நோய் தீர்வதற்குப் பதில் இரட்டிப்பாகும். 400 மில்லி விநாடிக்கு மேல் மெதுவாக வைத்தால், சொல்லுக்குள் இருக்கும் மௌனத்தில் ரிவெர்ப் எழும்பாது. ஒரு அடி முடிந்து பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் மலரும். சிகாகோ ஆர்கன்காரர் பெடலில் செய்ததும் இதுதான் என்று தோன்றியபோது எழுந்து வாசலில் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

'ஸ்' ஒலியை அடக்கும் டி-எஸ்ஸர் பற்றி ஒரு வார்த்தை. 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லை அடக்க நினைத்து அதிகமாக இறுக்கினால் அது 'தோத்திரம்' ஆகிவிடும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள், டீச்சரம்மாவும் அப்படித்தான். ஆனால் பாடுகிறவர் சொல்லாததை மிக்ஸ் சொல்லக் கூடாது. 3 டெசிபலோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைக் கையால் இறக்கினேன்.

இதெல்லாம் செய்தும் கொயர் வந்ததும் சொல் மறுபடி மங்கியது. கேட்டுப் பார்த்ததில் காரணம் மிக்ஸில் இல்லை, பதிவில். பதினான்கு பேருக்கு ஆறு மைக் வைத்திருந்தேன். ஒருவர் குரல் மூன்று மைக்கில் மூன்று வெவ்வேறு நேரத்தில் விழுந்தது. எல்லா மெய்யெழுத்தும் கொழகொழத்துப்போனது. கொயரை மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று கேட்பதற்குத் தைரியம் வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். கொயர் மாஸ்டர் அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு மேல வெச்சுக்குவோம். அப்பதான் ரோட்டுச் சத்தம் இருக்காது" என்றார்.

எங்கள் சபைக் கோயிலுக்குள் போய் முதலில் கைதட்டிப் பார்த்தேன். உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர். ஒரு தட்டு இரண்டு விநாடிக்கு மேல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் நிறைந்திருந்தால் அவர்களுடைய உடலும் துணியும் பாதியைக் குடித்துவிடும். காலியான கோயிலில் குடிக்க ஆளில்லை. சபை வீடுகளிலிருந்து பதினைந்து ஜமக்காளம் வந்தது. கொயருக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டோம், தரையிலும் விரித்தோம். மின்விசிறி எல்லாம் அணைத்தாயிற்று. மார்ச் மாத ராத்திரியில் பதினான்கு பேரும் வியர்வையில் நனைந்தபடி நின்றார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாதிரிப்புலியூர் பக்கம் ரயில் ஊதினால் எல்லோரும் அப்படியே நின்று காத்திருப்போம்.

இந்த முறை இரண்டே மைக். இரண்டு சிறிய கண்டன்ஸர், முனைகளுக்கு இடையே 17 சென்டிமீட்டர், 110 டிகிரி விரிந்து. ஓஆர்டிஎஃப் என்று இந்த அமைப்புக்குப் பெயர். முன்வரிசைக்கு இரண்டு மீட்டர் முன்னால், தலைக்கு மேலே, பின்வரிசையைப் பார்த்துச் சாய்த்து வைத்தேன். ஆட்களை அரைவட்டமாக நிறுத்தினோம். கனத்த குரல்காரர்களைப் பின்னால் அனுப்பினேன். ஒருவர் குரல் தூக்கிக் கேட்டால் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடவில்லை, அவரையே ஓரடி பின்னால் நகர்த்தினேன். முதல் டேக் முடிந்ததும் எல்லோரையும் இடம் மாற்றி நிறுத்தி இன்னொரு டேக் எடுத்தோம். இரண்டையும் சேர்த்தால் பதினான்கு பேர் இருபத்தெட்டுப் பேர் போல விரிந்தார்கள். ஆண்களிடம் அண்ணன் ஒன்று சொன்னார், அது என் ஈக்யூ (ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளை ஏற்றி இறக்கும்) வேலை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் செய்தது: "கீழ் ஸ்தாயில பாடறவங்க பாதிச் சத்தத்துல பாடுங்க. சொல்ல மட்டும் ஒண்ணா முடிங்க." சொல்லின் கடைசி எழுத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் விடும்படி அவர் கையைக் காட்டினார். 'ம்', 'ர்', 'ன்' எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தன. கொயர் டிராக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 250 பக்கம் 3 டெசிபல் இறக்கினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

கீபோர்டு வாசிக்கும் தம்பியோடு எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தது. பேட் ஒலியை மிக்ஸில் மிகவும் இறக்கிவிட்டேன் என்று அவனுக்கு வருத்தம். "நான் வாசிச்சதே கேக்கலையேண்ணா" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவனை உட்காரவைத்து அந்தப் பழைய காஸ்பல் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். ஆர்கன் எழும்புகிற இடத்தில் அவனே கையைத் தூக்கிக் காட்டினான். அடுத்த நாள் அவன் பகுதியை மறுபடி வாசித்தான். சொல் வரும் இடத்தில் வலது கையில் இரண்டு சுரம் மட்டும், அடி முடிந்த இடத்தில் முழுக் கை. பேஸ் கிட்டார் இருக்கும் இடத்தில் இடது கையை எடுத்துவிட்டான். நான் ஃபேடரை 5 டெசிபல் ஏற்ற முடிந்தது. வாசிப்பவரிடம் பேசித் தீர்க்க வேண்டியதை ஈக்யூவில் தீர்க்கப் பார்த்து எத்தனை ராத்திரி வீணாக்கியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

தபேலாவும் பேஸும் அடிப்பகுதியில் மோதியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றுக்கு 80 ஹெர்ட்ஸ் பக்கமும் மற்றதற்கு 120 பக்கமும் இடம் ஒதுக்கினால் போதும். ஆனால் சபை மக்கள் பெரும்பாலும் கேட்பது கைபேசியில். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றுமே வராது. பேஸில் லேசாகச் சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைக்கும் முறை) சேர்த்தால் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் கிளை ஒலிகள் உண்டாகும். அதைக் கேட்டு நம் காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். மோனோவிலும் (இடம் வலம் பிரிக்காத ஒரே ஒலியாகவும்) ஒருமுறை கேட்டுவிடுங்கள். கோயில் ஸ்பீக்கர் பெரும்பாலும் மோனோதான். யூடியூபுக்கு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தின் அளவுகோல்) சுற்றி வைத்தேன். அதைவிடச் சத்தமாகக் கொடுத்தாலும் அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுக்கின நசுக்கல் மட்டும்தான் மிஞ்சும்.

நேரடி ஆராதனையில் இதே மௌனத்தை எப்படிக் காப்பது என்று கேட்பவர்களுக்கு, நான் கற்ற இடம் புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907-இல் திறக்கப்பட்ட, கோதிக் வளைவுகள் கொண்ட பெரிய கோயில். ஸ்டுடியோ வேலை முடிந்து பஸ் ஏறுமுன் சில சாயங்காலங்களில் கடைசிப் பெஞ்சில் உட்காருவேன். வாசகம் வாசிப்பவர் ஒரு வாக்கியம் சொல்லி, அது கூரையில் போய் அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார். கட்டடத்தின் ரிவெர்ப்பை அணைக்க முடியாது. அதோடு ஒத்துப்போக முடியும். நேரடியாகச் செய்யும்போது மிக்ஸரில் ரிவெர்ப் போடாதீர்கள், கட்டடமே போட்டுக்கொள்ளும். முன்னால் இரண்டு பெரிய பாக்ஸைக் கத்தவிடுவதைவிட, பக்கவாட்டில் சின்ன ஸ்பீக்கர்களை ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்துத் தாழ்வாக ஓடவிடுவது மேல். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். இருபது மீட்டர் பின்னால் இருக்கும் ஸ்பீக்கருக்கு 60 மில்லி விநாடி டிலே கொடுத்தால், கடைசிப் பெஞ்சுக்காரருக்குச் சொல் இரண்டு முறை கேட்காது.

ஐந்தாவது வாரம் டீச்சரம்மா ஒரு யோசனை சொன்னார். "உனக்கும் எனக்கும் பாட்டு மனப்பாடம். நம்ம காது பொய் சொல்லும். பசங்களுக்குச் சொல்வதெழுதுதல் வெச்சுப் பார்ப்போம்." ஓய்வுநாள் பள்ளியில் பாட்டைக் கேட்டிராத பதினொரு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள். அடிக்கு அடி நிறுத்தி நிறுத்திப் போட்டேன். கேட்டதை எழுதினார்கள். அவர் சிவப்புப் பேனாவில் திருத்தினார். எழுத்துப்பிழையை விட்டுவிட்டு, காது தவறியதை மட்டும் வட்டமிட்டார். என் முதல் மிக்ஸை இன்னொரு வகுப்புக்குப் போட்டிருந்தோம், அந்தத் தாள்கள் முழுக்கச் சிவப்பாக இருந்தன. புதிய மிக்ஸில் 'இரத்தம்' பதினொன்றிலும் சரி. 'பாடுகள்' பத்தில் சரி. இன்று எந்தப் பாட்டை முடித்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பாட்டைக் கேட்டிராத ஒருவரையும் ஒரு வெள்ளைத் தாளையும்தான். விலை உயர்ந்த மானிட்டர் ஸ்பீக்கர் வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், இந்தச் சோதனை அதைவிட உண்மையாகப் பேசும்.

ஆனால் ஒரு இடத்தில் பதினொரு பேருமே தவறியிருந்தார்கள். 'உம் இரத்தம் எனக்காயீந்தீர்' என்ற அடி. 'எனக்காய் ஈந்தீர்', எனக்காகக் கொடுத்தீர் என்று பொருள். எல்லாத் தாளிலும் 'காய்ந்தீர்' என்று ஏதோ ஒரு வடிவில் இருந்தது. நான் அந்த அடியை மூன்று நாள் போட்டு உருட்டினேன். குரலை ஏற்றினேன், பேட்டை முழுக்க நிறுத்தினேன், 3 கிலோஹெர்ட்ஸில் தூக்கினேன். குரலை மட்டும் தனியாகப் போட்டாலும் 'காய்ந்தீர்' என்றே கேட்டது. டீச்சரம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவர் தாள்களை மேசையில் பரப்பி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெட்டு 'எனக்'ல நின்னு மூச்சு விடுது. அப்புறம் 'காயீந்தீர்'னு தனியா வருது. புள்ளைங்க மேல தப்பு இல்ல. உன் மேலயும் இல்ல. நான் பிரிச்சு எழுதியிருக்கணும்."

பேனாவை எடுத்து 'எனக்காயீந்தீர்' மேல் ஒரு கோடு போட்டு, 'எனக்காகத் தந்தீர்' என்று எழுதினார். ஒரு அசை கூடிவிட்டது. தபேலா அண்ணன் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, அரை அடி முன்னாலேயே எடுத்தால் உட்காரும் என்றார். அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அந்த ஒரு அடிக்காக மறுபடி ஜமக்காளம் கட்டினோம். மின்விசிறியை அணைத்தேன். ரயில் போகட்டும் என்று காத்திருந்தோம்.